சில்லறையும் பாக்கியும்

பஸ்ஸில் காசில்லாப் பயணம் என்றதும் எல்லாருக்கும் ஜிபே ஞாபகம்தான் வருது. நான் அந்தக் கதையை டிக்கெட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்குவேன். சில்லறை இல்லாத கண்டக்டர் பாக்கியை அங்கேதான் எழுதித் தருவார். இறங்கும்போது கேட்டு வாங்கணும், மறந்தால் போச்சு.

சில்லறைச் சண்டை அதோடு நிற்கவில்லை. 10 ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்தார்கள் பலர். 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே சொல்ல வேண்டி வந்தது.

லண்டன் 2014 ஜூலை 6 முதல் பஸ்ஸில் ரொக்கத்தை நிறுத்தியது. ஆனால் அட்டையில் பணம் தீர்ந்தவரும் இன்னும் ஒருமுறை ஏறிப் போக வழி வைத்தது. அதுவும் ஒரு பாக்கிக் கணக்குதான். நம்மூரில் அப்படி இல்லை: சென்னை மாநகரப் பேருந்துகளில் 2025 ஜனவரியில் சிங்காரச் சென்னை அட்டை வந்த பிறகும் ரொக்கம் செல்லும்.

தியாகதுருகம் வழியாகப் போகும் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லாப் பயணம் 2021 மே மாதமே வந்துவிட்டது. போன் வேண்டாம், சிக்னல் வேண்டாம், கட்டணமே கிடையாது. ஆகவே யுபிஐ வசதியா தொல்லையா என்ற பேச்சு அந்த பஸ்ஸில் பெரும்பாலும் ஆண்களின் பேச்சு.

கருவி சில்லறைத் தகராறைத் தீர்க்கும், நல்லதுதான். ஆனால் கல்வராயன் மலையிலிருந்து பட்டன் போனோடு இறங்கி வரும் பெரியவர் நீட்டும் 10 ரூபாயையும் அது மறுக்கக் கூடாது.