கள்ளிச் செதிற்பூச்சி

கள்ளிச் செதிற்பூச்சி என்பது, சப்பாத்திக்கள்ளி முதலியவற்றின் சதைப்பற்றான தண்டில் ஊசி போன்ற வாயுறுப்பைச் செருகி, இடம் பெயராது சாற்றை உறிஞ்சி வாழும் நுண்ணிய பூச்சிகளின் பொதுப்பெயர். இவற்றுள் கொச்சினீல் பூச்சி, சேலம், நாமக்கல் சமவெளியை ஒத்த வறண்ட பிரதேசங்களில் புஞ்சைக் காட்டையும் மேய்ச்சல் தரையையும் அடைத்துக்கொண்ட சப்பாத்திக்கள்ளிக்குச் சத்துருவாக வந்து, குடியானவர்களுக்கு மித்திரனாக விளங்கியது.

இயல்பு: இறக்கையற்ற பெண் பூச்சி வெண்பஞ்சு போன்ற மெழுகு இழைகளைப் போர்த்துக்கொண்டு கூட்டமாக அமர்ந்திருக்கும்; அப்பஞ்சை விலக்கி நகத்தால் நசுக்கினால், கார்மினிக் அமிலம் கலந்த செஞ்சாறு பீறிடும். இறக்கையுள்ள ஆண் பூச்சி உண்பதில்லை. சில நாட்களே ஜீவித்திருக்கும். குஞ்சுகள் காற்றில் மிதந்து அடுத்த செடியை அடையும். பலத்த மழை இவற்றைக் கழுவிவிடுமாதலால், வெயில் நீடிக்கும் மாதங்களிலேயே இனம் பெருகும். பால் வடியும் திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவையாதலின், கொச்சினீல் அவற்றைத் தீண்டுவதில்லை.

சரித்திரம்: மெக்சிகோவின் செஞ்சாய வியாபாரம் ஸ்பானியர் வசம் இருந்த காலத்தில், அந்த லாபத்தில் பங்கு பெற விழைந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆதரவோடு, டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் அது உயர்ந்த சாயம் தரும் இனமன்று. சாயத் தொழில் சோபிக்கவில்லையாயினும், அப்பூச்சி ஒபன்ஷியா மோனகாந்தா என்னும் கள்ளியை வட இந்தியாவிலும், 1830களில் தெற்கே கொண்டுவரப்பட்டபின் இங்கும் அழித்தொழித்தது. 1860களில் இலங்கைக்கும் அனுப்பப்பட்டது. களையை ஒழிப்பதற்கென்றே ஒரு பூச்சியை நாடுவிட்டு நாடு கொண்டுசென்ற முதல் நிகழ்ச்சி இதுவென்பர்.

ஒபன்ஷியா டில்லெனி என்ற மற்றொரு கள்ளியை அப்பூச்சி தொடாமையால், அது தடையின்றிப் பரவிற்று. 1926இல் வேறொரு கொச்சினீல் இனம் இலங்கையிலிருந்து சென்னை ராஜதானிக்கு வரவழைக்கப்பட்டது. பூச்சி படர்ந்த மடல்களை வெட்டி நலமுள்ள செடிகளின்மேல் வைப்பதே அதைப் பரப்பும் முறை. ஐந்தாறு ஆண்டுகளில் தென்னிந்தியாவில் சுமார் 1 லட்சம் ஏக்கர் நிலம் கள்ளியிலிருந்து விடுபட்டது.

தோட்டக் கள்ளிகளில் நிவாரணம்: அலங்காரத்திற்காகத் தொட்டியில் வளர்க்கும் கள்ளிக்கு இதே பூச்சி உபத்திரவமே. வட்ட வடிவ வெளிர்ச் செதிள் மூடிய மற்றொரு இனமும் அதைத் தாக்கும். பூச்சி கண்ட தொட்டியை முதலில் தனியே பிரித்து வைத்தல் வேண்டும். சிறிதளவு தாக்கமாயின், சோப்புநீரில் தோய்த்த பழைய பல்துலக்கியால் முட்களின் அடியைத் தேய்த்துப் பூச்சியை நீக்கலாம். மிக நலிந்த மடல்களை வெட்டி எரித்துவிடுவதே உசிதம். பின்னர், 1 லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புடன் கலந்து, உச்சிவெயிலைத் தவிர்த்து, மாலையில் தெளிக்க வேண்டும். மெழுகும் செதிளும் முதிர்ந்த பூச்சியைக் காப்பதால், புதுக் குஞ்சுகள் வெளிவரும் சமயத்தை ஒட்டிப் பன்முறை தெளித்தாலன்றிப் பயனில்லை.

மரவள்ளிக்கு ஒரு படிப்பினை: கொச்சினீலுக்கு உறவான மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் காணப்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல் வட்டாரத்து மரவள்ளிக் காடுகளைச் சூறையாடியது. அதன் உடலில் முட்டையிட்டு அழிக்கும் அனகைரஸ் லோபெசி என்னும் சிறு குளவியை ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து தருவித்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டனர். அன்று செடியை அழிக்கப் பூச்சியும், இன்று பூச்சியை அழிக்கக் குளவியும் வந்தன; இரண்டிலும் வெற்றிக்குக் காரணம், வரவழைக்கப்பட்ட ஜந்து தனக்குரிய இரையன்றிப் பிறிதொன்றை நாடாமையே. சைதாப்பேட்டையில் சாயத்திற்காகத் தேடியவர்களுக்கு இழப்பாக முடிந்த இன வேற்றுமை, களையொழிப்பில் கருவியாயிற்று.