இறங்காத விரை: அறுவை வயது இறங்கிய வரலாறு

ஆண் சிசுவின் விரைகள் கருவில் சிறுநீரகத்தை ஒட்டி உருவாகி, பேறுகாலத்துக்கு முந்தைய மாதங்களில் கவட்டை வழியாக விரைப்பைக்கு வந்து சேர்கின்றன. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் 1 முதல் 3 சதவீதம் பேருக்கு இந்த இறக்கம் நடுவழியில் நின்றுவிடுகிறது. குறைமாதக் குழந்தைகளிடம் இது 30 சதவீதம் வரை உண்டு. எந்த வயதில் கைவைப்பது என்பதற்கு மருத்துவம் சொன்ன விடை, பருவ வயதிலிருந்து படிப்படியாகப் பால்குடி வயதுக்கு வந்திருக்கிறது. அறுவை நுட்பம் மேம்பட்டதைவிட, காத்திருப்பில் என்ன கெடுகிறது என்று தெரியவந்ததே இதற்கு முதன்மைக் காரணம் எனலாம்.

1762-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், விரையிலிருந்து விரைப்பையை நோக்கிச் செல்லும் நாரை விவரித்து அதற்குக் குபர்னாகுலம் என்று பெயரிட்டார். இறங்காத விரை பிறவியிலேயே குறையுள்ளது, குறை இருப்பதால்தான் இறங்கவில்லை என்பது அவர் கணிப்பு. அப்படியானால் அதை இடம் மாற்றி ஆகப்போவது என்ன?

இருந்தும் சிலர் துணிந்தார்கள். அறுவை மருத்துவர் லிஸ்டரின் கிருமித்தடுப்பு முறை வந்தபின், 1877-இல் எடின்பரோவில் தாமஸ் அனன்டேல் ஒரு சிறுவனின் இடம் மாறிய விரையை விரைப்பையில் வெற்றிகரமாகப் பொருத்தினார். 1899-இல் சிகாகோவின் ஆர்தர் டீன் பெவன், கூடவே இருக்கும் குடலிறக்கப் பையை விரைவடத்திலிருந்து பிரித்தெடுத்தால் வடத்துக்கு வேண்டிய நீளம் கிடைக்கும் என்று காட்டினார். இன்றைய அறுவையின் அடிப்படையும் அதுதான். விரை மறுபடி மேலேறாமல் தடுக்க 1909-இல் நியூயார்க்கின் ஃபிரான்ஸ் டோரெக் செய்ததைப் படித்தால் இன்றைக்குக் கூச்சமாக இருக்கும். விரையைத் தொடையோடு சேர்த்துத் தைத்து, விரைப்பையையும் தொடையில் ஒட்டவைத்து, மாதக்கணக்கில் விட்டுவைத்து, பிறகு இரண்டாவது அறுவையில் பிரித்தெடுத்தார். அத்தனை நாளும் பையன் அப்படியேதான் நடமாட வேண்டும்.

ஹன்டரின் கணிப்பைப் பலமாக அசைத்தவர் அறுவை மருத்துவரே அல்லர். சிகாகோ பல்கலைக்கழக விலங்கியலாளர் கார்ல் மூர், 1920-களில் நல்ல விரைகளை விலங்குகளின் வயிற்றுக்குள் தள்ளிவைத்தார். விந்தணு உற்பத்தி நின்றது. செம்மறிக் கடாக்களிடம் விரையை இருந்த இடத்திலேயே விட்டு, பையை மட்டும் வெப்பம் வெளியேறாதபடி மூடினார். அங்கும் அதே கேடு. உடலைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்த பையில் இருக்க வேண்டிய உறுப்பைச் சூடு கெடுக்கிறது என்பது இதனால் உறுதியானது.

1930-களில் விரையை இறக்க ஹார்மோன் ஊசி வந்தது. ஆரம்ப வெற்றிகளில் கணிசமானவை, குளிரிலும் கூச்சத்திலும் மேலேறித் தானே திரும்பும் விரைகள். ஊசி போடாவிட்டாலும் அவை இறங்கியிருக்கும்.

1970-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி, இரண்டாம் வயதுக்குள்ளேயே விந்துமூல உயிரணுக்கள் குறைவதைக் காட்டியது. 2007-இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பிரித்து, ஒரு சாராருக்கு 9 மாதத்திலும் மற்றவர்களுக்கு 3 வயதிலும் அறுவை செய்த முடிவை வெளியிட்டார்கள். முன்னதில்தான் விரை நன்கு வளர்ந்தது. அதே ஆண்டு, அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ 17,000 ஸ்வீடன் ஆண்களைப் பற்றிய ஆய்வும் வந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் விரைப் புற்றுநோய் அபாயம், 13 வயதுக்கு முன் அறுவை ஆனவர்களுக்கு இருமடங்குக்குச் சற்று மேல். பின்னர் ஆனவர்களுக்கு ஐந்து மடங்குக்கு மேல். முன்னதாகச் செய்தும் அபாயம் முழுக்கத் தீரவில்லை என்பதைக் கவனித்தால், ஹன்டரை அடியோடு தள்ளிவிட முடியாது.

அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2014 வழிகாட்டுதல் இப்படிச் சொல்கிறது: ஆறு மாதம் வரை தானே இறங்குகிறதா என்று பார்க்கலாம், இறங்காவிட்டால் அடுத்த ஓராண்டுக்குள் அறுவை. ஹார்மோனுக்குப் பரிந்துரை இல்லை. நிபுணரிடம் அனுப்புமுன் ஸ்கேனும் வேண்டாம். பிறந்தபோது கீழே இருந்து, வளரும்போது மேலேறிவிடும் விரைகளும் உண்டு என்பதால், குழந்தையின் ஒவ்வொரு வழக்கமான உடல்நலப் பரிசோதனையிலும் மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றும் அது கேட்கிறது.