விமான அலைவாங்கியின் வீச்சுப்படம்: கோணல் எங்கிருந்து வருகிறது?

இன்றைய பயணிகள் விமானங்களில் பெரும்பாலானவை தம் இருப்பிடத்தை நொடிக்கு இருமுறை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தாமாகவே அறிவித்துக்கொண்டு பறக்கின்றன. இம்முறைக்கு ஏ.டி.எஸ்.-பி. என்று பெயர். மொட்டைமாடியில் சிறிய ஆன்டெனாவும் கீழே ஒரு கணினியும் இருந்தால் இந்த அறிவிப்புகளை வீட்டிலிருந்தே பிடிக்கலாம். ஒவ்வொரு திசையிலும் அதிகபட்சம் எவ்வளவு தொலைவில் விமானம் பிடிபட்டது என்பதை மென்பொருள் கோடாக இணைத்துக் காட்டும். அதுவே வீச்சுப்படம். அது வட்டமாக அமையும் என்று எதிர்பார்ப்போம். ஜோலார்பேட்டையில் அமையாது.

படம் கோணலாவதும் அதைத் தவறாகப் படிப்பதும் ராடாரோடு பிறந்தவை. 1939 செப்டம்பர் 6 அன்று, போர் தொடங்கிய மூன்றாம் நாள், இங்கிலாந்தின் தென்கிழக்கில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் தம் நாட்டு ஹரிக்கேன்கள் இரண்டையே சுட்டு வீழ்த்தின. ஒரு விமானி இறந்தார். ராடார் நிலையம் ஒன்று பின்புறம் இருந்த விமானங்களை முன்புறம் வருவதாகக் காட்டியதே காரணம் என்று பின்னாளில் கூறப்பட்டது. தம்மவரை அடையாளம் காட்டும் பதில்கருவியை விமானங்களில் பொருத்தும் வேலை இதன்பின் விரைவுபட்டது. இன்றைய டிரான்ஸ்பாண்டருக்கு அதுவே முன்னோடி.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு துயரப் பாடம் உண்டு. 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் சவூதி, கசகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் இறந்தனர். அப்போது டெல்லியில் பயன்பாட்டில் இருந்த முதன்மை ராடார் விமானத்தின் திசையையும் தொலைவையும் காட்டும், உயரத்தைக் காட்டாது. விமானி சொல்வதே உயரம். டிரான்ஸ்பாண்டரிடம் உயரத்தைக் கேட்டுப் பெறும் இரண்டாம்நிலை ராடாரும், விமானத்திலேயே பொருத்தும் மோதல் தவிர்ப்புக் கருவியும் இந்தியாவில் பரவ இவ்விபத்து முக்கியக் காரணமாயிற்று.

வீட்டுக்கு இந்த வசதி வந்தது 2012-இல். தொலைக்காட்சி பார்ப்பதற்கான மலிவு யூ.எஸ்.பி. டாங்கிள் பல்வேறு அலைவரிசைகளையும் பிடிக்கும் எனத் தெரியவந்தது. இத்தாலிய நிரலாளர் சால்வடோர் சான்ஃபிலிப்போ எழுதிய டம்ப்1090 மென்பொருள் பரவலானது.

இனி நம் ஊருக்கு வருவோம். 35,000 அடி, அதாவது சுமார் 10,700 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம், தடையற்ற கடலோரச் சமவெளியில் 420 கிலோமீட்டருக்கு மேலும் பிடிபடலாம். அதற்கப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். ஜோலார்பேட்டை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே ஏலகிரி மலை ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. வீட்டிலிருந்து மலைவிளிம்பு 6 கிலோமீட்டர் தொலைவில், நம்மைவிட 650 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்ளுங்கள். பார்வைக்கோடு 6 பாகைக்கு மேல் தூக்கப்படுகிறது. அந்தத் திசையில் அதே விமானம் சுமார் 90 கிலோமீட்டரிலேயே மறைந்துவிடும். சென்னையில் இறங்கத் தாழ்ந்து வரும் விமானம் கண்ணில் படவே படாது. மாணவர்கள் இக்கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும்.

ஆகவே, கிழக்கில் மட்டும் கடித்த ஆப்பிள்போல் நாள்தோறும் ஒரே பள்ளம் விழுந்தால் அது மலையின் நிழல். ஆன்டெனாவைச் சில அடிகள் உயர்த்தி அதைப் போக்க முடியாது. ஓய்வுபெற்ற பின் இதில் இறங்கிய நான், மலை செய்த வேலைக்குக் கம்பிவடத்தைக் குறைசொல்லி இரண்டுமுறை மாற்றினேன். இன்னொரு குறுகிய பள்ளத்துக்குக் காரணம் மட்டும் மாடியில் பக்கத்திலேயே இருந்தது: தண்ணீர்த் தொட்டி. ஆன்டெனாவை நகர்த்தியதும் அது மறைந்தது.

எல்லாத் திசையிலும் படம் ஒன்றுபோலச் சுருங்கினால் சந்தேகம் கருவிமேல் விழ வேண்டும்: இணைப்பானில் ஈரம், அளவுக்கு மீறிய கம்பிவட நீளம், அல்லது அருகிலுள்ள செல்பேசிக் கோபுரம். 900 மெகாஹெர்ட்ஸ் ஒட்டிய அதன் அலைகள் வாங்கியைத் திணறடிக்கும்; வடிகட்டி பொருத்தினால் தெளியும். அதற்குமுன் அலகைப் பாருங்கள். கிலோமீட்டரில் இருந்த அளவு கடல்மைலுக்கு மாறியிருந்தால் 370 என்பது 200 ஆகத் தெரியும். படத்தில் சுருக்கமே இருக்காது. விமானப் பாதையே இல்லாத திசையும் வெறுமையாகத்தான் இருக்கும். சில வாரங்கள் தரவு சேரும்வரை பொறுக்க வேண்டும்.

ஊசிபோல் ஒரு கூர்முனை மட்டும் ஆயிரம் கிலோமீட்டர் நீண்டால் மகிழ வேண்டாம். விமானம் தன் இருப்பிடத்தை முழுமையாக அனுப்புவதில்லை. சுருக்கி, இரட்டை, ஒற்றை என இருவகைச் செய்திகளாக மாற்றி மாற்றி அனுப்புகிறது. ஒன்று மட்டும் கிடைக்கும்போது, உங்கள் வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து மென்பொருள் மீதியைக் கணிக்கும். செய்தி சிதைந்தாலோ வீட்டின் எண்கள் தவறானாலோ விமானம் வேறெங்கோ போய் உட்காரும். ஜோலார்பேட்டைக்குரிய 12.57, 78.57 என்ற எண்களை இடம்மாற்றிப் பதிந்தால் வீடு வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போய்விடும்!

எனினும் எல்லா நீட்சியும் பொய்யல்ல. இரண்டாம் உலகப்போரின்போது பம்பாய் அருகே 200 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய ராடாரில் 1,700 மைல் தொலைவு வரையிலான அரேபியக் கடற்கரை எதிரொலித்தது. கடல்மேல் படிந்த ஈரக்காற்றின்மீது வெப்பமான உலர்காற்று மூடிபோல் அமைய, அலைகள் இடையில் சிக்கி, பூமியின் வளைவோடு வளைந்து சென்றன. கோடையில் தோன்றிய அந்தக் காட்சி பருவமழை வந்ததும் மறைந்தது. அத்தகைய நீட்சி ஓர் ஊசிமுனையாக நிற்காது. பல மணி நேரம், பல விமானங்களில், ஒரு திசைப்பரப்பு முழுவதும் தெரியும்.