மீண்டவர்கள் வெட்டிய சாலை

மெல்போர்ன் நகரில் ஓட்டுநருடன் ஒரு காரை ஒரு நாளைக்கு அமர்த்திக்கொண்டு, காலையில் புறப்பட்டுத் தென்மேற்குக் கடற்கரையோரமாகச் சென்று, பிற்பகலில் ‘பன்னிரு அப்போஸ்தலர்’ பாறைகளைப் பார்த்துவிட்டு, இரவில் திரும்புவது இன்று மிகச் சாதாரணமான சுற்றுலா. பயண முகவர்களின் விளம்பரத் தாள்களில் அந்தப் பாறைகளின் படமே இருக்கும். சாலையின் படம் அரிது. ஆனால் அந்தச் சாலைதான் நினைவுச்சின்னம். பாறைகள் கடல் செதுக்கியவை. சாலையைச் செதுக்கியவர்கள் முதல் உலகப்போரிலிருந்து உயிரோடு மீண்ட ஆஸ்திரேலியச் சிப்பாய்கள். ‘கிரேட் ஓஷன் ரோடு’ என்ற பெயரில் டோர்க்கீ முதல் ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர் நீளும் இச்சாலை, உலகின் மிகப் பெரிய போர் நினைவுச்சின்னம் என்று சொல்லப்படுகிறது. அளவைப் பொறுத்தவரை அந்தப் பெருமையோடு நமக்குச் சண்டை இல்லை. யாருக்காக யார் எழுப்பிய நினைவு என்பதில்தான் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

1914ல் ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை ஐம்பது லட்சத்தை எட்டவில்லை. அதில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் படையில் சேர்ந்தனர். ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் திரும்பி வரவில்லை. திரும்பியவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்ற கேள்வி, போர் முடியுமுன்னரே அரசின் முன் வந்துவிட்டது. விக்டோரியா மாநிலத்தின் நாட்டுப்புறச் சாலை வாரியத் தலைவர் வில்லியம் கால்டர், மக்கள் அதிகமில்லாத பகுதிகளில் சாலை போடும் பணியில் அவர்களை அமர்த்தலாம் என்றார். ஜீலாங் நகரின் மேயர் ஹோவர்ட் ஹிட்ச்காக் அந்த யோசனையைக் கையில் எடுத்துக்கொண்டார். வேலையும் கிடைக்கும், மாண்டவர்களுக்கு நினைவும் ஆகும், சுற்றுலாப் பயணிகளும் வருவார்கள் என்று மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டியவர் அவர். 1918ல் ஓர் அறக்கட்டளை அமைத்து நன்கொடை திரட்டத் தொடங்கினார். தம் சொந்தப் பணத்தில் 3,000 பவுண்டு கொடுத்தார். மனிதர் வணிகர். தியாகத்தையும் வருமானத்தையும் ஒரே கணக்கேட்டில் எழுதுவதில் அவருக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. அதற்காக அவரைக் குறைத்து மதிப்பிடவும் நமக்கு மனமில்லை. அந்தக் கணக்கேடு இல்லாதிருந்தால் சாலையும் இருந்திராது.

அக்காலத்தில் லோர்ன் என்ற கடலோர ஊருக்குப் போவதென்றால், உள்நாட்டிலிருந்து ஓட்வே மலைக்காட்டைக் கடந்து குதிரை வண்டியில் போகவேண்டும், இல்லையென்றால் கப்பல். கரையோரமாக வழியே இல்லை. மலை நேராகக் கடலில் இறங்குகிறது. குறிஞ்சியும் நெய்தலும் இடையில் ஒரு முழம் நிலமும் இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடக்கும் இடம் என்றால் நம் வாசகர்களுக்கு உடனே விளங்கும். அந்தச் சரிவின் இடுப்பில்தான் வழி வெட்டவேண்டும்.

1919 செப்டம்பர் 19 அன்று வேலை தொடங்கியது. மொத்தத்தில் சுமார் 3,000 மீண்ட சிப்பாய்கள் இதில் உழைத்தனர். எட்டு மணி நேர நாளுக்குக் கூலி பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். சனிக்கிழமை அரை நாள். கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி, வெடிமருந்து, சில சிறு எந்திரங்கள் — கருவிகள் இவ்வளவுதான். கூடாரங்களில் குடியிருப்பு, பொதுவான சாப்பாட்டுக் கொட்டகை, சாப்பாட்டுக்கு வாரம் பத்து ஷில்லிங் வரை பிடித்தம். முகாமில் ஒரு பியானோவும், கிராமபோனும், செய்தித்தாள்களும் இருந்தன என்பதை எல்லா வரலாறுகளும் தவறாமல் குறிப்பிடுகின்றன. அதே வரலாறுகள், வேலையில் சிலர் இறந்தனர் என்பதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன.

வெடிமருந்தைப் பற்றி ஒரு நினைவு பிற்காலத்தில் பதிவாகியிருக்கிறது. கரடுமுரடான வழியில் வண்டி குலுங்கும்போது வெடிதூண்டிகள் அதிர்ந்துவிடக் கூடாதென்று, தொழிலாளர் அவற்றைத் தம் முழங்கால்களின்மேல் வைத்துக்கொண்டு போவார்களாம். வண்டியிலேயே மிருதுவான இடம் மனிதனின் மடிதான் என்பது அவர்கள் கண்ட முடிவு. பிரான்சிலும் கலிப்போலியிலும் குண்டுச் சத்தத்தைக் கேட்டு, அதிலிருந்து தப்பி வந்த மனிதர்கள் மீண்டும் வெடிகளை மடியில் வைத்துக்கொண்டு மலையேறிய காட்சியைக் கற்பனை செய்து பார்க்கிறோம். அமைதிக்காலப் பணி என்று இதற்குப் பெயர். லோர்னுக்கு மேற்கே கரையில் ஒரு பாறைக் கூட்டத்துக்கு ‘ஆர்ட்டில்லரி ராக்ஸ்’ — பீரங்கிப் பாறைகள் — என்று பெயர். அங்கே பீரங்கிக் குண்டுகளைப் போன்ற உருண்டைகள் பாறைக்குள் பதிந்திருக்கின்றன. அவற்றைப் பார்த்த கண்களுக்கு வேறு பெயர் தோன்றியிருக்க முடியாது.

துயரத்தை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் அந்த மனிதர்களுக்கு நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். 1924ல் ‘கசினோ’ என்ற நீராவிக் கப்பல் கேப் பாட்டன் அருகே பாறைத்திட்டில் மோதிச் சிக்கியது. பாரத்தைக் குறைப்பதற்காக 500 பீப்பாய் பியரையும், 120 பெட்டி மதுவையும் கடலில் எறிந்தார்கள். அலை அவற்றைக் கொண்டுவந்து சேர்த்த கரையில் யார் இருந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. சாலைப்பணி இரண்டு வாரம் நின்றது. அந்தக் கடற்கரையில் அரசாங்கம் அறிவிக்காத விடுமுறை அது ஒன்றுதான் என்று நினைக்கிறோம். இதே கசினோவின் முடிவு வேறுவிதமானது. 1932 ஜூலையில் அப்போலோ பே துறையில் மூழ்கியது. பத்துப் பேர் இறந்தனர். அவ்வூருக்குச் சாலை திறந்தது அதே ஆண்டு நவம்பரில்.

ஈஸ்டர்ன் வியூவிலிருந்து லோர்ன் வரையிலான முதற்பகுதி 1922ல் திறக்கப்பட்டது. மிகக் கடினமான லோர்ன் – அப்போலோ பே பகுதிக்கு இன்னும் பத்தாண்டுகள் ஆயின. 1932 நவம்பரில் லோர்னில் திறப்பு விழா. ஹிட்ச்காக் அந்த ஆகஸ்டில்தான் இதய நோயால் இறந்திருந்தார். விழா ஊர்வலத்தில் ஆளுநரின் காருக்குப் பின்னால் அவருடைய கார் ஓட்டிச் செல்லப்பட்டது. மாண்டவர்களுக்கென எழுப்பிய சாலையில் மாண்ட ஒருவரின் கார் சென்றது பொருத்தமான மரியாதை.

இனிச் சுங்கத்துக்கு வருவோம். கட்டிய செலவை மீட்க ஈஸ்டர்ன் வியூவில் வாயில் அமைத்துப் பணம் வாங்கினார்கள். ஓட்டுநருக்கு இரண்டரை ஷில்லிங், உடன் வருவோருக்கு ஆளுக்கு ஒன்றரை ஷில்லிங். நாங்கள் உட்கார்ந்து போட்ட கணக்கு இது: சாலையை வெட்டிய ஒருவர், தம் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துவந்து “இந்த வளைவு நான் வெட்டியது” என்று காட்ட விரும்பினால், காரை யாரிடமாவது இரவல் வாங்கினாலும், வாயிலில் ஏழு ஷில்லிங் கொடுக்கவேண்டும். அவர் முன்பு வாங்கிய கூலியில் மூன்றில் இரண்டு பங்கு நாள். 1936 அக்டோபரில் சாலை மாநில அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, சுங்கம் நீங்கியது. ஒரு போர் நினைவுச்சின்னத்துக்கு நுழைவுக் கட்டணம் இருந்த ஆண்டுகளைப் பற்றி விளம்பரத் தாள்கள் ஏதும் சொல்வதில்லை.

ஈஸ்டர்ன் வியூவில் இன்று மரத்தாலான நினைவு வளைவு ஒன்று சாலைக்குக் குறுக்கே நிற்கிறது. இது முதல் வளைவு அல்ல. முந்தையதைச் சாலை அகலப்படுத்துவதற்காக அகற்றினார்கள். அதன் பின் வந்ததை 1983 பிப்ரவரிக் காட்டுத்தீ எரித்தது. அதற்கும் பின் எழுந்தது இது. அருகில் 2007ல் வைத்த சிலை: இரண்டு தொழிலாளிகள். எங்களை அழைத்துச் சென்ற ஓட்டுநர், இங்கே பத்து நிமிடம்தான் வழக்கம் என்றார். படம் எடுத்துக்கொள்ள அது போதுமாம். அவரைக் குறை சொல்ல முடியாது. அப்போஸ்தலர்களிடம் வெயில் சாய்வதற்குள் போய்ச் சேராவிட்டால் கூலி கொடுத்தவர்கள்தாம் கேட்பார்கள். அவர் சொன்ன ஒரு தகவல் எங்களுக்குப் பிடித்திருந்தது: இந்நாட்டில் இடப்புறமாக ஓட்டுவதால், மேற்கு நோக்கிப் போகும் கார் கடலை ஒட்டியே செல்லும். ஆகவே கடலைப் பார்க்க வந்தவர்கள் இந்தத் திசையில்தான் போகவேண்டும். 1932ல் இந்த வழி ஒரு வண்டியின் அகலமே இருந்தது. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கச் சில இடங்களே இருந்தன. இடப்புறம் செங்குத்தான வீழ்ச்சி. அன்றைய ஓட்டுநர்கள் கடலின் அழகைப் பற்றி என்ன நினைத்திருப்பார்களோ!

சிப்பாய்கள் வருமுன் இந்தக் கரையில் யாருமே இல்லை என்பதுபோல ஓர் எண்ணம் நமக்கு எளிதில் உண்டாகிவிடும். 1803ல் தண்டனைக் குடியிருப்பிலிருந்து தப்பிய வில்லியம் பக்லி என்ற ஆங்கிலேயக் கைதி, 1835 வரை 32 ஆண்டுகள் வாடவுரங் மக்களிடையே இந்தக் கரையோரம் வாழ்ந்தார். பசியால் சாகக் கிடந்தவரை வாழவைத்தவர்கள் அவர்கள். இன்னும் மேற்கே, ஓட்வே முனையைச் சுற்றிய நிலம் கடுபனுட் மக்களுடையது. 1846ல் நில அளவைக் குழுவைச் சேர்ந்த ஒருவர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, ஆயுதம் தாங்கியவர்கள் அயர் ஆற்றுப் பக்கம் கடுபனுட் மக்களைச் சுட்டுக் கொன்றனர். வரைபடம் வரைய வந்தவர்களின் வழியில் நடந்தது அது. அயல்நாட்டில் மாண்ட அறுபதாயிரம் பேரை நினைக்க ஒரு சாலை முழுவதும் இருக்கிறது. சாலை செல்லும் நிலத்திலேயே மாண்டவர்களை நினைக்க வளைவு எதுவும் அன்று எழவில்லை. இந்த வேறுபாட்டை நாங்கள் ஆஸ்திரேலியர்மேல் மட்டும் சுமத்தவில்லை. எந்த நாடும் தன் வீரர்களை முதலிலும், தான் வீழ்த்தியவர்களை வெகு தாமதமாகவும்தான் நினைக்கிறது.

அப்போலோ பேயுடன் அறக்கட்டளை வெட்டிய சாலை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் உள்ள பகுதிகள் பின்னர் இப்பெயரோடு இணைந்தவை. ஆக, மக்கள் எதைப் பார்க்க இவ்வளவு தூரம் வருகிறார்களோ அந்தப் பாறைகள், சிப்பாய்கள் வெட்டிய வழியில் இல்லவே இல்லை.

மேற்கே செல்லச் செல்லக் கதை கடலுக்கு மாறுகிறது. 1845ல் ‘கட்டராக்கி’ என்ற குடியேறிகள் கப்பல் கிங் தீவில் மோதி ஏறத்தாழ 400 பேர் இறந்தனர். மூன்றாண்டுகளில், 1848ல், ஓட்வே முனையில் கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. 1878 ஜூன் 1 விடியலுக்கு முன் ‘லாக் ஆர்ட்’ வந்தது. இங்கிலாந்திலிருந்து மூன்று மாதம் பயணம் செய்த கப்பல், மெல்போர்னை எட்டச் சிறிது தூரமே இருந்தபோது மூடுபனியில் வழி தவறிப் பாறையில் மோதியது. 54 பேரில் பிழைத்தவர் இருவர்: பயிற்சி மாலுமி டாம் பியர்ஸ், அயர்லாந்துக் குடும்பத்துப் பெண் ஈவா கார்மைக்கேல். இருவரும் இருபது வயதைத் தாண்டாதவர்கள். அவளுடைய கூக்குரலைக் கேட்டு அவன் மீண்டும் கடலில் இறங்கி, அவளைக் கரைக்கு இழுத்துவந்து குகையில் கிடத்தினான். கரையொதுங்கிய பிராந்திப் புட்டியை உடைத்து அவளுக்குப் புகட்டினான். பிறகு செங்குத்துப் பாறையில் ஏறிப்போய் உதவிக்கு ஆளழைத்து வந்தான். ஈவாவின் பெற்றோரும் உடன் வந்த சகோதர சகோதரியரும் அங்கேயே மாண்டனர். இவ்விருவரும் மணந்துகொள்ள வேண்டுமென்று குடியேற்றமே எதிர்பார்த்தது. அவளோ சில மாதங்களில் அயர்லாந்துக்குக் கப்பலேறிவிட்டாள். கதைக்கு முடிவு தேடிய மக்களுக்கு அவள் கடன்பட்டிருக்கவில்லை. அதே கப்பலில் வந்த ஆளுயரப் பீங்கான் மயில் ஒன்று, பெட்டியோடு அலையில் மிதந்து ஏறக்குறைய சேதமின்றிக் கரை சேர்ந்தது. மிண்டன் நிறுவனத்தார் செய்தது. மெல்போர்னில் 1880ல் நடக்கவிருந்த பன்னாட்டுக் கண்காட்சிக்கென அனுப்பியது. வாரணம்பூல் நகரின் அருங்காட்சியகத்தில் அதை இன்றும் காணலாம். ஐம்பத்திரண்டு உயிர்களைக் கொண்ட கடல் அந்த மயிலை விட்டுவைத்தது ஏன் என்பதற்கு விடையில்லை.

அப்போஸ்தலர் பாறைகளுக்கு முன்னொரு காலத்தில் ‘பன்றியும் குட்டிகளும்’ என்று பெயர். ஒன்பதே பாறைகள் இருந்த இடத்துக்குப் பன்னிரண்டு என்ற பெயர் பின்னர் நிலைத்தது. 2005 ஜூலை 3 அன்று ஒன்று சரிந்து விழ, இப்போது எட்டு. சற்றுத் தள்ளி ‘லண்டன் பிரிட்ஜ்’ என்ற இரட்டை வளைவில் ஒன்று 1990 ஜனவரியில் இடிந்தபோது, முனையில் சிக்கிய இருவரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். சுண்ணாம்புக் கல்லுக்குக் கடலோடு செய்துகொண்ட உடன்படிக்கை ஏதுமில்லை.

சாலையும் அதே கடலின் ஓரத்தில்தான் கிடக்கிறது. மலைச்சரிவு மழையில் இளகுவதும், கரை அரிக்கப்படுவதும், தீயும் இதற்குப் புதியவை அல்ல. 2015 கிறிஸ்துமஸ் நாளில் வை ரிவர், செப்பரேஷன் கிரீக் என்ற அடுத்தடுத்த ஊர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. சாலை 2011ல் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2020ல் விக்டோரியா சட்டமன்றம், சாலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் காக்கத் தனிச்சட்டம் இயற்றியது. வாடவுரங், ஈஸ்டர்ன் மார் மக்களை இந்நிலத்தின் மரபுவழி உரிமையாளர்களாக அச்சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கடுபனுட் வழிவந்தோர் ஈஸ்டர்ன் மாரில் அடங்குவர். திறப்பு விழாவுக்கும் இதற்கும் இடையே 88 ஆண்டுகள்.

திரும்பும் வழியில் ஓட்டுநர்கள் பெரும்பாலும் கரையோரம் வருவதில்லை. கோலாக் ஊர் வழியாக உள்நாட்டு நெடுஞ்சாலையைப் பிடித்தால் நேரம் வெகுவாகக் குறைகிறது.