காலி நாற்காலிகளும் கரோக்கியும்: ஒரு சின்ன வரலாற்றுப் பாடம்



என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு, கடைசி பெஞ்ச். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். அவர் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதம் ஒரு சனிக்கிழமை கரோக்கி மாலை நடத்துகிறார்கள். முதல் மாதம் பாடுவதற்கு இருபது பேர் பெயர் கொடுத்தார்களாம். இப்போது நான்கே பேர். கேட்பவர்களும் பாதி நிகழ்ச்சியில் எழுந்து போய்விடுகிறார்கள். "பேசாமல் நிறுத்திவிடலாமா ஸார்?" என்று கேட்டிருந்தார்.

அதே செய்தியில் இன்னொரு வரியும் இருந்தது. அங்கே தனியாக வசிக்கும் ஒரு வயதான அம்மா, ஒரு நாளும் பாடியதில்லை. ஆனால் மாதம் தவறாமல் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாராம். நிறுத்திவிட்டால் அவரிடம் என்ன சொல்வது என்பதுதான் அவருடைய உண்மையான கவலை.

எனக்குச் சங்கீதம் தெரியாது. வரலாறு நடத்திப் பிழைத்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த வழியிலேயே பதில் சொல்கிறேன். கரோக்கி யாருக்காகப் பிறந்தது, எங்கே வளர்ந்தது என்று பார்த்தால் நான்கு பேரை வைத்து என்ன செய்யலாம் என்பதும் புரிந்துவிடும்.

முதலில் பெயர். 'கரோக்கி' என்பது ஜப்பானியச் சொல். 'காரா' என்றால் காலி, வெறுமை. 'ஓகே' என்பது ஆர்கெஸ்ட்ரா என்ற சொல்லை ஜப்பானியர்கள் வெட்டிச் சுருக்கியது. வாத்தியக்காரர்கள் உட்கார வேண்டிய இடம் காலியாக இருக்கிறது, ஆனால் இசை மட்டும் கேட்கிறது என்பது பொருள். (நம் 'காலி'க்கும் அவர்கள் 'காரா'வுக்கும் உறவு கொண்டாட வேண்டாம். ஒலி ஒற்றுமை மட்டும்தான். கமெண்டில் யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள்!) ஆக, காலியாக இருப்பது வாத்தியக்காரர்களின் இருக்கை. கேட்பவர்களின் நாற்காலியைப் பற்றி அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் தோற்று, நகரங்கள் எரிந்து கிடந்த நேரத்தில் ஜப்பானில் சாதாரண மக்களைப் பாட வைத்தது வானொலி. 1946 ஜனவரி 19 அன்று என்.எச்.கே. வானொலி, 'நோதோ ஜிமான்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. 'குரல் பெருமை' என்று சொல்லலாம். யார் வேண்டுமானாலும் வந்து பாடலாம். நன்றாகப் பாடினால் மணிகள் தொடர்ச்சியாக ஒலிக்கும். சுமாராக இருந்தால் ஒன்றிரண்டு அடியோடு நின்றுவிடும். இன்றைக்கும் அந்த நிகழ்ச்சி தொலைக்காட்சியில் நடக்கிறது. பின்னால் நம் வீட்டுத் தொலைக்காட்சிகளில் பார்த்த பாட்டுப் போட்டிகளுக்கெல்லாம் இதை ஒரு மூத்த அண்ணன் என்று சொல்லலாம்.

அதற்கடுத்து 1950களில் டோக்கியோவில் 'உதாகோஎ கிஸ்ஸா' என்னும் பாட்டுக் காப்பிக்கடைகள் பெருகின. உள்ளே போனால் காப்பி; கையில் ஒரு பாட்டுப் புத்தகம்; முன்னால் ஒருவர் நின்று எடுத்துக் கொடுப்பார், பக்கத்தில் ஒருவர் அக்கார்டியன் வாசிப்பார். கடையில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து பாடுவார்கள். நாட்டுப்புறப் பாட்டு, ரஷ்யப் பாட்டு, தொழிலாளர் பாட்டு எல்லாம் உண்டு. 1948இல் செகி அகிகோ என்ற பெண்மணி டோக்கியோவில் தொடங்கிய சேர்ந்திசைக் குழுவும், அதிலிருந்து வளர்ந்த 'பாடும் குரல்' இயக்கமும் இதற்கு உரம் போட்டன. கிராமத்திலிருந்து வேலை தேடி வந்து, பெருநகரத்தில் தனியாகக் கிடந்த இளைஞர்களுக்கு அந்தக் கடைகள் ஒரு வீடு போல இருந்தன. இங்கே கவனியுங்கள்: ஒருவர் பாட, மற்றவர்கள் மதிப்பெண் போடும் ஏற்பாடே அங்கு இல்லை. நம் பஜனை மடத்தில் பாகவதர் ஓர் அடி எடுத்துக் கொடுக்க, கூட்டம் வாங்கிப் பாடுவதைப் போலத்தான்.

மதுக்கடைகளில் வேறு வழக்கம். கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கடை கடையாகப் போகும் பாட்டுக்காரர்கள் இருந்தார்கள். 'நாகாஷி' என்று பெயர். காசு கொடுத்தால் பாடுவார்கள். வாடிக்கையாளர் தானே பாட ஆசைப்பட்டால் பக்கத்தில் நின்று வாசிப்பார்கள். ஆகவே இயந்திரம் வருவதற்கு முன்பே, பாட ஆசைப்படும் சாதாரண மனிதனும் அவனுக்குத் துணை வாசிக்கும் ஒருவரும் இருந்தார்கள்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். கரோக்கியைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒற்றை வரிக் கேள்வி கேட்டால் ஒற்றை வரியில் விடை எழுத முடியாது. ஒரே காலத்தில் பலர் தனித்தனியாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

முதலாமவர் நெகிஷி ஷிகேஇச்சி. டோக்கியோவில் கார் ஸ்டீரியோ பூட்டும் சிறு தொழிற்சாலை நடத்தியவர். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலைக்கு வருவது அவர் பழக்கம். 1967இல் ஒரு நாள் ஊழியர் ஒருவர் அவர் பாட்டைக் கிண்டல் செய்திருக்கிறார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பின்னணி இசையோடு பாடினால் என் குரலும் எடுபடும் என்று நினைத்து, டேப் ஓடும் கருவியையும் மைக்கையும் ஒரே ஸ்பீக்கரில் இணைக்கச் சொன்னார். இணைத்தார்கள், பாடினார், எடுபட்டது. அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவி மக்களையும் பாட வைத்தார். உலகத்தின் முதல் கரோக்கி விருந்து என்று இதைச் சொல்கிறார்கள். வந்த கூட்டம் ஒரு குடும்பம்!

பின்னர் மின்னும் விளக்குகள் பொருத்தி, காசு போட்டால் ஓடும் பெட்டியாகச் செய்து 'ஸ்பார்கோ பாக்ஸ்' என்ற பெயரில் கடைகளுக்குக் கொடுத்தார். பாட்டு வரிகளுக்குத் தனிப் புத்தகம். நாகாஷி பாட்டுக்காரர்கள் தங்கள் பிழைப்பு போகிறதே என்று எதிர்த்தார்கள். பெட்டியை எடுத்துப் போய்விடுங்கள் என்று சொன்ன கடைகளும் உண்டு. சில ஆண்டுகளில் நெகிஷி அந்தத் தொழிலை விட்டுவிட்டார். காப்புரிமை வாங்கவில்லை. 2024 ஜனவரியில், 100 வயதில் காலமானார்.

இரண்டாமவர் இனோஉஎ தாய்சுகே. கோபே நகரத்து இரவு விடுதிகளில் வாசித்தவர். இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் குறையே அவருக்கு வேறொரு திறமையைக் கொடுத்தது: பாடுபவரின் உதட்டைப் பார்த்து, அவர் சுருதிக்கும் வேகத்துக்கும் தக்கபடி இவர் வளைந்து கொடுப்பார். அவர் வாசித்தால்தான் எனக்குப் பாட வரும் என்று சொல்லும் வாடிக்கையாளர்கள் உருவானார்கள். அப்படி ஒருவர், ஒரு சிறு நிறுவனத்தின் தலைவர், வெளியூர் விருந்தில் பாட வேண்டியிருக்கிறது, நீ கூட வா என்று அழைத்தார். இவரால் போக முடியவில்லை. அதற்குப் பதிலாக, அவர் குரலுக்குப் பொருந்தும் சுருதியில் இசையை டேப்பில் பதிந்து கொடுத்து அனுப்பினார். போனவர் சிரித்த முகத்தோடு திரும்பி வந்து, இன்னும் சில பாட்டுகள் பதிந்து கொடு என்றார்.

அதிலிருந்து பிறந்ததுதான் '8 ஜூக்' என்ற பெட்டி. 1971இல் முதலில் 11 பெட்டிகள் செய்து கோபே மதுக்கடைகளுக்கு வாடகைக்குக் கொடுத்தார். 100 யென் காசு போட்டால் பாடலாம். இவரும் காப்புரிமை வாங்கவில்லை. பெரிய நிறுவனங்கள் பின்னால் வந்து பெரும் பணம் பார்த்தன. 1999இல் டைம் இதழ் 20ஆம் நூற்றாண்டின் செல்வாக்கு மிக்க ஆசியர்களில் ஒருவராக அவரைப் பட்டியலிட்டது. 2004இல் அமைதிக்கான 'இக் நோபல்' பரிசும் கொடுத்தார்கள். சிரிக்கவும் வைத்து யோசிக்கவும் வைக்கும் வேலைகளுக்குக் கொடுக்கும் பரிசு அது. காரணம் என்ன தெரியுமா? மனிதர்கள் ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ளப் புதிய வழி கண்டுபிடித்துக் கொடுத்தாராம்!

பிலிப்பைன்ஸ்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அங்கே ரொபெர்தோ தெல் ரொசாரியோ 1970களில் 'சிங் அலாங் சிஸ்டம்' செய்து, 1980களில் காப்புரிமையும் வாங்கினார். அந்த உரிமைக்காக ஒரு நிறுவனத்தோடு வழக்காடி 1996இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் வென்றார்.

இவர்கள் கதையில் கூட்டம் எங்கே இருக்கிறது? ஒருவருக்குக் கேட்டவர்கள் சில ஊழியர்கள், பிறகு குடும்பம். இன்னொருவருக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர். பெட்டி போய்ச் சேர்ந்த கடைகளும் பத்துப் பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் சின்னக் கடைகள். ஜப்பானில் அவற்றுக்கு 'ஸ்நாக்' என்று பெயர். கடையை நடத்தும் பெண்மணியை 'மாமா' என்பார்கள், அம்மா என்ற பொருளில். யார் இன்று வாடியிருக்கிறார், யார் பாட ஆசைப்பட்டும் கூச்சப்படுகிறார் என்று அவருக்குத் தெரியும். கூச்சப்படுபவரோடு தானே சேர்ந்து பாடுவார். 1961இல் வந்த 'கின்சா காதல் கதை' என்ற ஜோடிப் பாட்டு பல பத்தாண்டுகளாக அத்தகைய கடைகளில் உயிரோடு இருப்பதற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம்.

1985இல் ஒகயாமா பகுதியில் ஒருவர் சரக்குப் பெட்டகம் ஒன்றை அறையாக மாற்றி, உள்ளே கரோக்கியை வைத்து வாடகைக்கு விட்டார். 'கரோக்கி பாக்ஸ்' அங்கிருந்து பரவியது. அதுவரை பெரும்பாலும் மது அருந்தும் ஆண்களின் பொழுதுபோக்காக இருந்தது, அதன் பிறகு மாணவர்கள், பெண்கள், குடும்பங்கள் கைக்கு வந்தது. தெரியாதவர்கள் முன்னால் பாட வேண்டாம். நாலு பேர், ஒரு அறை, கதவைச் சாத்திக்கொள்ளலாம். 1992இல் தொலைபேசிக் கம்பி வழியே பாட்டுகளை வரவழைக்கும் கருவிகள் வந்தன. பாட்டுகளுக்குப் பஞ்சம் தீர்ந்தது. 2011இல் டோக்கியோவில் ஒற்றை ஆள் பாடுவதற்கென்றே ஒரு கடை திறந்தார்கள். ஓர் அறை, ஓர் ஆள், காதில் ஹெட்போன். அதற்கும் கூட்டம் வந்தது!

எனவே நான்கு பேர் என்பது கரோக்கிக்குக் குறைவான எண்ணிக்கை அல்ல. பிறந்த நாளிலிருந்தே அதன் அளவு அதுதான். சிக்கல் எங்கே வருகிறது? நான்கு பேர் பாடும் நிகழ்ச்சியை நூறு பேர் உட்காரும் கூடத்தில், மேடை போட்டு, வரிசையாக நாற்காலி அடுக்கி, பாட்டுக் கச்சேரி மாதிரி நடத்தும்போது வருகிறது. அப்போது ஒவ்வொரு காலி நாற்காலியும் பாடுபவரைப் பார்த்து முறைக்கிறது.

அந்த மாணவருக்கு நான் எழுதி அனுப்பியதை இங்கேயும் தருகிறேன். யாருக்காவது உதவும்.

1. கூடத்தை விட்டுவிடுங்கள். யாராவது ஒருவர் வீட்டு ஹாலோ மொட்டை மாடியோ போதும். மேடை வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். யார் பாடுபவர், யார் கேட்பவர் என்ற கோடு அழிந்துவிடும்.

2. நான்கு பேரே மாற்றி மாற்றித் தலைக்கு ஏழு பாட்டு பாடினால், எவ்வளவு நன்றாகப் பாடினாலும் மற்றவர்களுக்குக் கொட்டாவி வரும். தலைக்கு இரண்டு தனிப்பாட்டு, அதற்கு மேல் கிடையாது. மைக்கை விடாமல் பிடித்துக்கொள்பவரை ஜப்பானிலும் யாருக்கும் பிடிப்பதில்லை.

3. மூன்று பாட்டுக்கு ஒரு முறை, எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டு, வரிகளைப் பெரிய எழுத்தில் திரையில் காட்டி, அனைவரும் சேர்ந்து பாடுங்கள். காப்பிக்கடைக்காரர்கள் செய்தது அதுதான். கூட்டத்தில் கரைந்து பாடினவருக்குத்தான் அடுத்த மாதம் தனியாகப் பாடும் துணிவு வரும்.

4. தயங்குபவரிடம் மைக்கை நீட்டி "பாடுங்கள், பாடுங்கள்" என்று வற்புறுத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஜோடிப் பாட்டில் ஒரு பாதியை நீங்கள் பாடுங்கள். மறுபாதி தானாக வரும். வராவிட்டாலும் பரவாயில்லை.

5. பாட்டின் சுருதியை ஏற்றி இறக்கும் வசதி இப்போது செயலிகளில் இருக்கிறது. பாடகர்களின் சுருதி நமக்கு எட்டாது. இரண்டு படி இறக்கிக் கொடுத்தால் பாதிப் பேருக்குக் கூச்சம் போய்விடும். இனோஉஎ அந்த நிறுவனத் தலைவருக்குச் செய்த உபகாரமும் இதுவே.

6. இரண்டு பாட்டுக்கு நடுவில் கேபிளைத் தேடும் மௌனம்தான் நிகழ்ச்சியைக் கொல்லும். அடுத்த பாட்டைத் தயாராக வைத்திருக்க ஒரு பையனை நியமியுங்கள். இடைவெளி வந்தால், பாடியவரிடம் இந்தப் பாட்டை முதலில் எங்கே கேட்டீர்கள் என்று கேளுங்கள். டூரிங் டாக்கீஸ், கல்யாண வீட்டு ஒலிபெருக்கி, டீக்கடை ரேடியோ என்று கதைகள் வந்து விழும்.

7. பாடாமல் கேட்க மட்டும் வருகிறவர்களை, தலை எண்ணும்போது விட்டுவிடாதீர்கள். அந்த அம்மாவிடம் அடுத்த மாதத்துக்கு ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லுங்கள். யாராவது அதைப் பாடட்டும். பாட்டைச் சொன்னவருக்கும் அந்த மாலையில் ஒரு பங்கு உண்டு.

கடைசியாக ஒரு சுவையான செய்தி. ஜப்பானில் ஒருவர் வழக்கமாகப் பாடும், அவருக்கே உரிய பாட்டை 'பதினெட்டாம் எண்' என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஏழாம் இச்சிகாவா தஞ்ஜூரோ என்ற புகழ்பெற்ற கபுகி நடிகர், தம் குடும்பத்துக்கே உரியவை என்று பதினெட்டு நாடகங்களைத் தொகுத்தார். அந்தத் தொகுப்போடு இணைத்துத்தான் இந்த வழக்குக்கு விளக்கம் சொல்கிறார்கள். பெரிய நடிகர் குடும்பத்தின் சொத்து, இன்றைக்கு ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் ஒவ்வொரு பாட்டிக்கும் ஒன்று என்று ஆகிவிட்டது.

உங்கள் பதினெட்டாம் எண் எது? பாட்டின் முதல் வரி மட்டும் கமெண்டில் எழுதுங்கள். பாடத் தெரியாது என்று யாரும் நழுவக் கூடாது. காலைப் பிரார்த்தனையில் நீங்கள் எல்லோரும் பாடியதைப் பல ஆண்டுகள் கேட்டவன் நான்!

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்