கரடிக்கு எட்டாத டப்பா... 6 அங்குலக் குழி... யோசெமிட்டி காட்டுக்குள் இரவு தங்க என்னென்ன தேவை?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வசிக்கும் தமிழர்கள் லாங் வீக்கெண்ட் வந்தால் கிளம்பும் இடங்களில் யோசெமிட்டி தேசியப் பூங்காவும் ஒன்று. பலரும் காரை நிறுத்தி, அருவியைப் பார்த்து, செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆனால், பூங்காவின் சுமார் 95 சதவீதப் பரப்பு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி. அங்கே ரோடு கிடையாது, கடை கிடையாது, பெரும்பாலான இடங்களில் செல்போன் சிக்னலும் கிடையாது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு நடந்துபோய், அங்கேயே டென்ட் போட்டுத் தங்குவதைத்தான் 'பேக்கன்ட்ரி கேம்பிங்' என்கிறார்கள்.

கேட்க ஜாலியாக இருக்கும். ஆனால், உள்ளே போன பிறகு 'அதை மறந்துட்டோமே' என்றால் வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை. வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டியவை என்னென்ன?

பெர்மிட் எப்படி வாங்குவது?

காட்டுக்குள் ஒரு இரவு தங்கினாலும் 'வைல்டர்னஸ் பெர்மிட்' கட்டாயம். நடக்கத் தொடங்கும் இடத்தை டிரெயில்ஹெட் என்பார்கள். ஒவ்வொரு டிரெயில்ஹெட்டிலும் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கோட்டா உண்டு.

ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் வரையிலான சீசனில், 60 சதவீத இடங்கள் 24 வாரங்களுக்கு முன்பே ஆன்லைன் குலுக்கலில் போய்விடும். மீதி 40 சதவீதம் பயணத்துக்கு 7 நாள் முன்பு திறக்கும். ஜூலை முதல் வாரம் போகணும் என்றால் ஜனவரி நடுவிலேயே விண்ணப்பிக்க வேண்டும். குலுக்கலில் கிடைக்கலையா? கூட்டம் குறைந்த வேறொரு டிரெயில்ஹெட்டைத் தேர்ந்தெடுத்து, 7 நாள் கணக்கில் முயற்சிப்பதே நல்ல வழி. ஹாஃப் டோம் உச்சிக்கு ஏற வேண்டும் என்றால் அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

எங்கே டென்ட் போடலாம்?

நினைத்த இடத்தில் போட முடியாது. யோசெமிட்டி பள்ளத்தாக்கு, துவாலமி மெடோஸ் போன்ற மக்கள் புழங்கும் இடங்களில் இருந்து குறைந்தது 4 மைல், அதாவது சுமார் ஆறரை கிலோமீட்டர் நடந்த பிறகே தங்கலாம். ஏரி, ஓடை, நடைபாதை ஆகியவற்றில் இருந்து 100 அடி தள்ளி, புல் இல்லாத கெட்டியான தரையில்தான் டென்ட் அடிக்க வேண்டும்.

அப்படியானால் முதல் நாளில் குறைந்தது 4 மைல், அதுவும் முழு எடையோடு, மேட்டில் ஏற முடியுமா? திட்டம் போடும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்.

சாப்பாட்டை எப்படி வைப்பது?

யோசெமிட்டியில் இருப்பவை கருங்கரடிகள். மோப்பத்தில் கில்லாடிகள். அதனால் 'பேர் கேனிஸ்டர்' எனப்படும், கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பா கட்டாயம். சாப்பாட்டுப் பையை மரத்தில் கட்டித் தொங்கவிடுவது இங்கே சட்டவிரோதம். உணவை முறையாக வைக்காவிட்டால் 5,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். கரடி ஸ்பிரேக்கும் இந்தப் பூங்காவில் தடை.

உப்புமா மிக்ஸ், புளியோதரைப் பொடி மட்டுமல்ல. டூத் பேஸ்ட், சன் ஸ்கிரீன், சோப்பு, குப்பை என வாசம் வரும் எல்லாமே டப்பாவுக்குள்தான். அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாளே அடுக்கிப் பார்த்துவிடுங்கள். மூடி மூடலையா? சாமானைக் குறையுங்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி ஆட்களைத் தேடி வரத் தொடங்கும். ஆபத்தாக மாறினால், கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலைகூட வரும். நம்முடைய கவனக்குறைவுக்கு உயிரைக் கொடுப்பது கரடி.

தண்ணீர், டாய்லெட்?

ஓடைத் தண்ணீர் பளிங்கு மாதிரி தெரியும். ஆனால் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். குடித்தால் நாள்கணக்கில் வயிற்றுப்போக்குதான். ஃபில்டர் செய்யுங்கள், இல்லையென்றால் நன்றாகக் கொதிக்க விடுங்கள். 6,500 அடிக்கு மேல் என்றால் 3 நிமிடம் கொதிக்க வேண்டும்.

டாய்லெட் கிடையாது. தண்ணீர், பாதை, டென்ட் மூன்றிலிருந்தும் 100 அடி தள்ளி, 6 அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, முடித்ததும் மூட வேண்டும். டிஷ்யூ பேப்பரைப் புதைக்கக்கூடாது. கவரில் போட்டுத் திரும்ப எடுத்து வர வேண்டும்.

வானிலை எப்படி இருக்கும்?

துவாலமி மெடோஸின் உயரம் சுமார் 8,600 அடி. கிட்டத்தட்ட நம்ம ஊட்டி தொட்டபெட்டா அளவு. ஜூலையிலும் இரவில் உறைபனிக் குளிர் வரலாம். பகல் வெயிலைப் பார்த்து ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். 9,600 அடிக்கு மேல் கேம்ப்ஃபயர் கூடாது. எனவே சமைக்க கேஸ் ஸ்டவ் எடுத்துச் செல்வதே சரி.

கோடையில் மதியத்துக்கு மேல் திடீர் இடி மின்னல் வருவதுண்டு. 1985-ல் ஹாஃப் டோம் உச்சியில் மின்னல் தாக்கி 2 பேர் உயிரிழந்தனர். உச்சிக்குப் போவதாக இருந்தால் காலையிலேயே போய் இறங்கிவிட வேண்டும்.

அதேபோல, ஜூன் மாதத்தில் பனி உருகும்போது, காலையில் முழங்கால் அளவு ஓடிய ஓடை மாலையில் ஆளையே இழுத்துவிடும். கடக்க முடியுமா என்று சந்தேகம் வந்தால், கடக்க வேண்டாம். மறுநாள் காலை பாருங்கள், அல்லது திரும்பிவிடுங்கள்.

ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது?

911 தான். ஆனால் சிக்னல் வேண்டுமே? சாட்டிலைட் மூலம் எஸ்ஓஎஸ் அனுப்பும் கருவி அல்லது அந்த வசதி உள்ள போன் இருந்தால் நல்லது. தகவல் போய்ச் சேர்ந்தாலும் மீட்புக் குழு வர பல மணி நேரம் ஆகலாம்.

எல்லாவற்றையும்விட எளிய பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. எந்த டிரெயில்ஹெட், எத்தனை இரவு, எங்கே தங்கல், எத்தனை மணிக்குள் போன் வரும் என்று எழுதி, ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த நேரம் தாண்டியும் போன் வரவில்லை என்றால் பூங்காவுக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். செலவே இல்லாத அந்த ஒரு தாள்தான், தேடி வருபவர்களுக்கு எங்கே தேடுவது என்று சொல்லும்.