48 ஆண்டுகள் காத்திருந்த மருந்து

இரண்டாம் உலகப்போர் முடிந்த ஜப்பானில் ஆய்வுக்கூடங்களில் பணமும் இல்லை, பொருளும் இல்லை. உதாகோ ஒகமோதோ, ஷோசுகே ஒகமோதோ என்ற மருத்துவத் தம்பதி ரத்தத்தை ஆராயலாம் என்று முடிவெடுத்தார்கள். காரணம் ரொம்ப எளிமை: மாதிரி தீர்ந்துபோனால் தங்கள் கையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்! குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதபோது, உதாகோ மகளை முதுகில் கட்டிக்கொண்டு வேலை செய்தார்.

காயம் பட்டதும் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலைபோலப் பின்னி ரத்தத்தை உறையவைக்கும். வேலை முடிந்ததும் பிளாஸ்மின் அந்த வலையைக் கரைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரிய விபத்தில் சிலருக்கு, பின்னப் பின்ன வலை கரைந்துகொண்டே போகும். பிளாஸ்மின் ஃபைப்ரினில் ஒட்டிக்கொள்ள லைசின் என்ற அமினோ அமிலம் கைப்பிடி மாதிரி. லைசினைப் போலவே இருக்கும் ஒரு பொருள் நடுவில் புகுந்தால் அந்தப் பிடி நழுவிவிடும். 1962-இல் ஒகமோதோ தம்பதி உலகுக்குச் சொன்ன டிரானெக்ஸாமிக் அமிலம் செய்வது இதைத்தான்.

அதற்கப்புறம்? அதிக மாதவிடாய்ப் போக்குக்கும், ஹீமோஃபிலியா நோயாளிகளுக்குப் பல் பிடுங்கும்போதும் கொடுத்தார்கள். ரோட்டில் அடிபட்டவருக்குக் கொடுத்தால் பிழைப்பாரா என்று யாரும் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கவில்லை. காப்புரிமை முடிந்த மலிவு மருந்துக்காகக் கம்பெனிகள் ஏன் காசு போடப்போகின்றன?

லண்டனில் இயான் ராபர்ட்ஸ் குழு ஒருங்கிணைத்த கிராஷ்-2 ஆய்வில் இந்தியா உட்பட 40 நாடுகளில் 20,211 பேர் சேர்க்கப்பட்டார்கள். முடிவு வந்தது 2010-இல். மருந்து பெற்றவர்களில் 14.5 சதவீதம் பேர் இறந்தார்கள். வெற்றுமருந்து பெற்றவர்களில் 16 சதவீதம். 'வெறும் ஒன்றரையா?' என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் 15 பேர் வீடு திரும்புகிறார்கள் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு கண்டிஷன் இருக்கிறது. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். சீக்கிரம் கொடுக்கக் கொடுக்கப் பலன் அதிகம். அதைத் தாண்டினால் ரத்தப்போக்கால் இறப்பது கூடியதாகவே தரவுகள் காட்டின. மருந்து மலிவாக இருந்து என்ன, ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வரணுமே.

பிரசவத்தில் ரத்தம் இழக்கும் தாய்மார்களுக்கும் இது உதவ வேண்டும் என்பது உதாகோவின் ஆசை. சுமார் 20,000 பெண்களிடம் நடந்த வுமன் ஆய்வு, 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் ஏற்படும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது. அது வெளியானது 2017-இல். உதாகோ 2016 ஏப்ரலிலேயே, 98 வயதில், போய்விட்டார்.